காற்றில் குடியிருந்த மைக்

தாராவியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் கம்பியில்லாத மைக்கைக் கையில் ஏந்தி, தேர்தலில் ஜெயித்தவரைப் போலக் கூட்டத்துக்குள் உலா வரும் தகுதி தமக்கு மட்டுமே உண்டு என்பது கரீம் பாட்சாவின் தாழ்மையான அபிப்பிராயம். கம்பி மைக்குகளை அவர் "கயித்துல கெட்டுன ஆடு" என்பார். அப்படிப்பட்ட ஆடுகளின் சொந்தக்காரர் அடுத்த சந்து சுயம்பு. இருவரும் ஒரே டீக்கடையில், வேறு வேறு பெஞ்சில் உட்காருவார்கள்.

அந்த மைக்கை நண்பர் தாஹிர், அரபு நாட்டில் தாம் வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து சட்டைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "எம் மவ நிக்காஹ் நடக்கும்போது இந்த மைக்குதாம்ல பேசணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை. அப்போது மகள் சாதியாவுக்குப் பேச்சே வரவில்லை. கரீம் பாட்சா வாக்குக் கொடுத்துவிட்டார்.

பல வருஷம் அந்த மைக் வடாலா முதல் சயான் வரை கல்யாணங்களையும் கணபதிப் பந்தல்களையும் ஆண்டது. பிறகு திடீரென்று இருமத் தொடங்கியது. கரீம் பாட்சா பேட்டரி மாற்றினார். சாம்பிராணி காட்டினார். சுயம்புவின் கண்தான் என்று முடிவு கட்டி, டீக்கடையில் இன்னும் ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னவள் கரீம் பாட்சாவின் மகள் அஸ்ரின். சயானில் ஒரு செல்போன் கம்பெனிக் கடையில் வேலை பார்ப்பவள்.

"வாப்பா, உங்க மைக்கு போற அலை முன்னால டிவிக்கு ஒதுக்குனது. டிவிக்காரங்க அதுல பாதி இடத்தச் சும்மா பூட்டி வச்சிருந்தாங்க. இப்ப அரசாங்கம் அத ஏலம் விட்டு போன் கம்பெனிகளுக்குக் குடுத்துட்டு. ஃபைவ் ஜி அங்கதான் ஓடுது. பக்கத்துல போன் ஓடுனா மைக்கு இருமத்தான் செய்யும்."

"அப்ப இத்தன நாளா நாம எங்கட்டி இருந்தோம்?"

"காலி ரூம்ல கேக்காமக் குடியிருந்தோம்."

அலைக்கற்றைக் கொள்கையை ஒரு தாராவிக்காரருக்கு இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் விளக்கியிருக்க முடியாது. கரீம் பாட்சா உடனே முறையான கேள்வியைக் கேட்டார். "சர்வே எடுத்தானுவளா? பழைய ஆளுக்கு மாத்து ரூம் கிடையாதா?"

"நீங்க எலிஜிபிள் இல்ல வாப்பா."

குடிசையை இடிக்கும்போது மாற்று வீடு கேட்டுப் போய், இந்தச் சொல்லைக் கேட்டு அந்தப் பேட்டையில் எத்தனையோ பேர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவரும் உட்கார்ந்தார்.

"வேற அலையில ஓடுற புது மைக்கு வாங்கிக்கிடலாம்."

"அது தாஹிர் குடுத்ததா ஆவுமாட்டி?"

சாதியாவின் நிக்காஹ் வந்தது. தாஹிருக்கு லீவு கிடைக்கவில்லை. மண்டபத்தில் அவர் மனைவி பீவி, வீடியோவில் புருஷன் முகம் தெரியும் போனைக் கரீம் பாட்சாவின் கையில் வைத்தாள். "அண்ணே, அவுக கண்ணால பாக்கணும். நீங்களே பிடிச்சிக்கிடுங்க."

வலது கையில் மைக், இடது கையில் போன். வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கி கர்ரென்று காறியது.

"மொபைல் எல்லாம் பந்த் கரோ! நிக்காஹ் முடிஞ்ச பொறவு படம் எடுக்கலாம்!" என்று கத்தினார். மும்பை சரித்திரத்தில் காணாத அதிசயமாக, எல்லாரும் அணைத்தார்கள். அழைப்பின் பேரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுயம்புகூட அணைத்தார். மறுபடி மைக்கைத் திறந்தார். மறுபடியும் கர்ர்.

அணைக்காத போன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது அவர் இடது கையில் இருந்தபடி, "என்னல கரீமு, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்று கேட்டது.

ஒரு கையில் கொடுத்த பொருள். மறு கையில் கொடுத்த ஆள். போனை அணைத்தால் வாக்கு நிலைக்கும், ஆனால் மகளின் நிக்காஹ்வைத் தகப்பன் பார்க்க முடியாது. நிக்காஹ் ஓத வந்திருந்த ஹஸ்ரத், நேரமாகிறது என்று தொண்டையைச் செருமினார்.

கரீம் பாட்சா மைக்கின் பொத்தானைக் கீழே தள்ளினார். சிவப்பு விளக்கு செத்தது. முன்வரிசைக்குக் குனிந்து, போனுக்குக் கேட்காதபடி சொன்னார்: "வே, ஒம்ம ஆட்டக் கொஞ்சம் அவுத்துக் கொண்டாரும்."

எதற்கும் இருக்கட்டும் என்று தம் சாமான்களை வாசலில் வண்டியிலேயே வைத்திருந்த சுயம்பு, ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் எழுந்து போனார். கம்பி மைக் ஹஸ்ரத்துக்கு முன்னால் நின்றது. கரீம் பாட்சா, செத்த மைக்கையும் உயிருள்ள போனையும் ஒரே கைக்குள் சேர்த்துப் பிடித்து, கம்பி கேமராவில் விழாத பக்கமாக மாப்பிள்ளையின் வாயருகே நீட்டினார். மாப்பிள்ளை சம்மதம் சொன்னார்.

தாஹிர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒவ்வொரு சொல்லும் பக்கத்துல நின்னு கேட்டாப்புல இருந்துச்சுல. மைக்கு இன்னும் அப்பிடியே இருக்கே!" என்றார்.

"பொறவு? தம்மாம் சாமான்லா!" என்றார் கரீம் பாட்சா.

கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த சுயம்பு, போனுக்குள் தலையை நீட்டினார். "ஆமா அண்ணாச்சி! என்னா சத்தங்கிய!"