சந்தனம் பூசிய வைஃபை பெட்டி

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வைக்காத பொருள் கிடையாது. அரிவாள், மருந்து தெளிக்கும் பம்பு, மோட்டார் ஸ்பேனர் ஆகியவற்றோடு போன வருஷம் வைஃபை பெட்டியும் போய் உட்கார்ந்துகொண்டது. மகள் முகத்தைத் தினமும் காட்டுகிற சாமானுக்கு ஒரு பொட்டு வேண்டாமா என்றாள் என் மனைவி. நியாயம்தான். கொழிஞ்சாம்பாறையில் தோப்புக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் போனுக்கு டவர் கிடைக்காது. அந்தப் பெட்டி இருந்தால்தான் பேச்சுவார்த்தையே. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது என்பதால், ஒரு நாள் முழுக்க வெறும் போனைத் தடவிக்கொண்டு திரிந்தேன்.

விஜயதசமியன்று, மெல்போர்னில் இருக்கும் மகள் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் காரை எடுப்பதாக இருந்தது. நம்மூர் நேரம் பத்தரைக்குள் எடுக்க வேண்டும். அதன் பிறகு அவளுக்கு வேலை. "நீங்க பாக்காம வண்டிய நகத்த மாட்டேனுங்கப்பா" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்குப் பூஜை முடிந்ததும் பெட்டியை எடுத்து மாட்டினேன். போன் வைஃபையில் சேர்ந்தது, நெட் மட்டும் வரவில்லை. வைஃபையை அணைத்துப் போட்டேன். போனையே அணைத்துப் போட்டேன். பெட்டியை மாட்டியபின் ஐந்து நிமிஷம் எதிலும் கை வைக்காதீர்கள் என்று கேபிள்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கு ஏது அந்தப் பொறுமை? கோபத்தில் போனிலிருந்து வைஃபை பெயரையே அழித்துவிட்டேன். மறுபடி சேர்க்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு இருப்பது பெட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டில். சீட்டின் மேல் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஏம்புள்ள, பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலையா?"

"முன்னால பூரா லைட்டுங்க, பின்னாலதான் எடம் இருந்துச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? ஆரு உங்கள அதைய அழிக்கச் சொன்னது?"

காய்ந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அவள் கண்ணாடி போட்டு வாசிக்க, நான் போனில் அடித்தேன். கடைசி எண் எட்டா மூன்றா என்று ஒரு சண்டை. எட்டு என்று நான் போட்டது தப்பாகி, அவள் சொன்ன மூன்றே சரியாக இருந்தது. அதற்குள் பெட்டியிலும் நெட் வந்ததற்கான பச்சை விளக்கு எரிந்திருந்தது. கேபிள்காரர் சொன்னபடி முதலிலேயே சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

பத்து இருபத்தைந்துக்கு மகள் திரையில் வந்தாள். தோழி ஒருத்தி போனைப் பிடித்திருக்க, வெள்ளைக் காரின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம்.

"எல்லாம் இருக்குதுங்கப்பா. சந்தனந்தான் இங்க கெடைக்கல."

என் கட்டைவிரலில் சந்தனம் இன்னும் ஈரமாகவே இருந்தது. திரையில் தெரிந்த காரின் முன்பக்கத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

"வெச்சாச்சு. வண்டிய எடு, கண்ணு."