ஒரே மாதிரிப் பன்னிரண்டு மோதிரம்

தனியாக வரும் வெளிநாட்டுப் பெண்களுக்குக் கண்டியைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். ஆனால் எதை எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். தலதா மாளிகை, குளம், பேராதனைப் பூந்தோட்டம் எல்லாம் அப்புறம். முதலில் பயம். கலஹாவிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி வேலைக்கு வருகிற எனக்கு அந்தப் பாடத்தை யாரும் காகிதத்தில் எழுதித் தரவில்லை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் சகோதரிகளே, உங்களுக்கும் தந்திருக்க மாட்டார்கள். ஆகவே நான் சொல்லப்போவதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. கோபம் மட்டும் கொஞ்சம் கூடலாம்.

ஒன்பதாவது விதி

எங்கள் ஒபிஸ் டவுனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருக்கிறது. முதலாளி ரிஸ்வி நானா. ஐந்து வான், ஐந்து டிரைவர், ஒரு கைட். அந்தக் கைட் நான். தனியாக வரும் பெண்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அவர்கள் கையில் கொடுக்க ஒரு பாதுகாப்புக் குறிப்பு வேண்டும் என்றார் நானா. இண்டர்நெட்டில் தேடினேன். கெய்ரோவுக்குத் தனியாகப் போகும் பெண்களுக்கென்று யாரோ எழுதிய பதினான்கு விதிகள் கிடைத்தன. கெய்ரோ என்று இருந்த இடத்தில் கண்டி என்று போட்டேன். நைல் நதிக்கரை என்று இருந்த இடத்தில் கண்டிக் குளக்கரை என்று போட்டேன். மற்றபடி கைவைக்க வேண்டியிருக்கவில்லை. தொளதொள உடுப்புப் போடு, முன் சீட்டில் உட்காராதே, ஆண்களின் கண்ணைப் பார்த்துச் சிரிக்காதே, கணவர் ஹோட்டலில் காத்திருக்கிறார் என்று சொல். நடுவில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது, ஆனாலும் எல்லாம் அப்படியே பொருந்தியது. அன்றைக்கே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அவசரத்தில் ஒன்பதாவது விதியை மாற்ற மறந்துவிட்டேன். ஒட்டகக்காரர் சும்மா ஏறிக்கொள்ளச் சொன்னால் ஏறாதே என்பதுதான் அது. அதைக் கவனிக்காமலே அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு ஜெர்மன்காரப் பெண் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குளத்தை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு என்னைக் கேட்டாள்: "மற்றப் பதின்மூன்றும் சரியாகத்தான் இருக்கிறது. ஒட்டகம் மட்டும் எங்கே?"

சிவப்புக் கல்

கணவர் காத்திருக்கிறார் என்று வாயால் சொன்னால் போதாது, கையிலும் ஏதாவது இருக்க வேண்டும் என்று நானாவுக்குப் பட்டது. மார்க்கெட் பக்கம் போய் ஒரு டஜன் கவரிங் மோதிரம் வாங்கி வந்தார். எல்லாம் ஒரே அச்சு, நடுவில் பட்டாணி அளவு சிவப்புக் கல். தனியாக ஒரு பெண் வந்தால் காலையில் அவள் விரலில் ஒன்றைப் போட்டுவிடுவேன். ஊரைவிட்டுப் போகும்போது கழற்றி வாங்கி, பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். பெண்களும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார்கள்.

எனக்கு முப்பத்து நான்கு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பஸ் பயணத்துக்கு உதவும் என்று நானும் டின்னிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நானா அதைப் பார்த்துவிட்டார், திட்டவில்லை. பெரிய மனதோடு தலையை ஆட்டினார். "நல்லம் புள்ள. கலியாணம் முடிச்ச பொம்பள எண்டு தெரிஞ்சா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

கலஹா பஸ்

கிட்ட வந்தான். பேராதனையில் ஏறியவன், பஸ் ஒரு வளைவில் திரும்பினால் என் மேல் சாய்ந்தான், நேராகப் போனாலும் சாய்ந்தான். மோதிரக் கையால் கம்பியைப் பிடித்து அவன் கண்ணுக்கு நேரே காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். பெண்களே, உங்களிடம் இருப்பது என்னிடமும் இருந்தது. புடைவைக்குக் குத்தும் ஊக்கைக் கழற்றி அவன் தொடையில் ஒரு குத்து. அவன் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவனை இறக்கப்போகிறான் என்று நினைத்தேன், நான் ஒரு மடச்சி. குத்து வாங்கியவனுக்கு உட்கார ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி நல்ல மரியாதையாகச் சொன்னான்: "அக்கா, நீங்க கூட்டமில்லாத பஸ்ஸா பாத்து வந்தீங்கன்னா யாருக்கும் பிரச்சினை இல்லல்ல?"

ஹுன்னஸ்கிரிய வளைவு

அன்னா ஒரு டச்சுக்காரி, நர்ஸ் வேலை. தேயிலைத் தோட்டம் பார்க்க வேண்டும் என்றாள். அன்றைக்கு நான் வேறொரு குழுவோடு மாளிகைக்குப் போகவேண்டி இருந்ததால் அவளைச் சந்திரன் அண்ணனின் வானில் தனியாக அனுப்பினேன். சந்திரன் எங்கள் கலஹா ஆள்தான். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நம்ம ஊர் மனிதர் என்ற நம்பிக்கையில் அனுப்பினேன். மோதிரத்தையும் நானே போட்டுவிட்டேன்.

ஹுன்னஸ்கிரிய ஊரைத் தாண்டி ஆளில்லாத ஒரு வளைவில், வியூ பார்க்கலாம் என்று சொல்லி வானை நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டிருக்கிறார். அவள் தட்டிவிட்டாள், மறுபடி போட்டார். கணவர் காத்திருக்கிறார் என்று மோதிரத்தைக் காட்டினாள். அவர் சிரித்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு தேயிலைக்குள் இறங்கி ஓடியிருக்கிறாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, கூடையோடு ஆளுக்கொரு பக்கமாக நின்று ரோட்டுக்குக் கூட்டி வந்து, கண்டி பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டார்கள். ஒரு சொல் பேசிக்கொள்ள மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.

ஒபிஸுக்கு வந்து அன்னா மோதிரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். இதைக் காட்டியபோது அவர் என்ன சொல்லிச் சிரித்தார் என்று கேட்டேன். அவர் பேசிய இங்கிலீஷை அவள் அப்படியே சொன்னாள், தமிழில் இதுதான்: "ஒபிஸ் மோதிரம் தானே மேடம். இது போட்ட ஆள் எல்லாம் தனி ஆள், எனக்குத் தெரியாதா?"

தெரிந்தவர்கள்

பாதுகாப்புக்கு என்று போட்டுவிட்ட மோதிரத்தால் இவள் தனியாக வந்தவள் என்று ஊருக்கே அடையாளம் காட்டிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை பெண்கள், எத்தனை மாதம்! என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. எங்கள் டிரைவர்களில் மூத்தவர் சுமதிபால, வானைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியுமாம். சிவப்புக் கல் என்றால் புருஷன் இல்லை என்று அர்த்தமாம்.

தெரிந்திருந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்திவிட்டேன். அப்பா வயது மனிதர். அவர் துணியைப் பிழிந்தார், உதறினார், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீங்க கேக்க இல்லதானே மிஸ்."

முட்டாத வான்

அன்னா அடுத்த நாளே நாட்டைவிட்டுப் போய்விட்டாள். முறைப்பாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதை நானாவின் முன்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை இன்னொரு பெண் தனியாகப் பயணம் போவதாக இருந்தது, அவளுக்கும் சந்திரனின் வான்தான் குறித்திருந்தது. அவளை அந்த வானில் ஏற்ற மாட்டேன் என்றேன். ஏற்ற முடியாவிட்டால் வேறு கைட் பார்க்க வேண்டிவரும் என்றார் நானா. வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

பிறகு குரலை இறக்கிக்கொண்டு சமாதானம் பேசினார். தோளில் கை பட்டதெல்லாம் ஒரு விஷயமா, அந்தப் பெண் சிரிக்காதே என்ற ஆறாவது விதியை ஒழுங்காக வாசித்தாளா, சிரித்துப் பேசியிருப்பாள். நான் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை மடித்துத் திரும்ப என் பக்கம் தள்ளினார். "விடுங்க புள்ள. பத்து வருஷமா ஈக்கிறான், சந்திரன் ஒரு நாளும் ஒரு வானையும் முட்டினதில்ல."

பின்பக்கம்

வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குரியவள் வியாழக்கிழமையே வந்து சேர்ந்தாள். பெயர் நாதியா. பாலம் கட்டும் எஞ்சினியர். எந்த ஊர் என்று கேட்டேன். கெய்ரோ என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் பழக்கத்தில் கை குறிப்பை நீட்டிவிட்டது. நின்றபடியே வாசித்தாள். ஒன்பதாவது விதிக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். இது எங்கள் ஊர்க் காகிதம், வெளியூர்ப் பெண்களுக்கு அங்கே இதைத்தான் சொல்வோம், எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து மனப்பாடம் என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மோதிரம், அன்னா, சந்திரன், நாளைய வான், எல்லாம். கேட்டுக்கொண்டே காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "ஆண்களுக்குரிய விதிகள் இந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்தேன்," என்றாள். "அச்சடிக்க மறந்துவிட்டீர்களா?"

பதினான்கு

கலஹா போகும் பஸ்ஸில் மடியில் வைத்தே எழுதினேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதே. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காதே. ரூம் நம்பர் கேட்காதே. அவள் கேட்காமல் வானை நிறுத்தாதே. கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும். சிரித்தாள் என்றால் சிரித்தாள், வேறு அர்த்தம் எடுக்காதே. ஒன்பதாவது விதிக்கு ஹுன்னஸ்கிரிய வளைவின் பெயரையே போட்டேன். சரியாகப் பதினான்கு வந்தது. ஒன்றைக்கூட நான் கற்பனை பண்ண வேண்டியிருக்கவில்லை.

காலையில் வான் நிறுத்தும் இடத்தில் ஐந்து டிரைவர்களையும் நிற்கவைத்து வாசித்தேன். கையெழுத்துப் போடாதவர் வானில் தனியாக வரும் பெண்ணை ஏற்ற மாட்டேன் என்றேன். மோதிர டின்னை நானாவின் கையில் கொடுத்து, இனி என் கையால் யாருக்கும் போடமாட்டேன் என்றேன். முதலில் சுமதிபால முன்னே வந்து, எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டார். அதோடு மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தபடி போட்டார்கள். சந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படியில் நின்ற நாதியா, கையெழுத்துப் போட்டவருடைய வானில் மட்டும்தான் போவேன், இல்லாவிட்டால் ஹோட்டலில் இருக்கும் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்ப்பேன் என்று நானாவுக்குக் கேட்கும்படி சொன்னாள். அன்னாவின் கடிதத்துக்கு அசையாத மனிதர் அதற்கு அசைந்தார். சந்திரனிடம் வான் சாவியைக் கேட்டார்.

சந்திரன் சாவியை என் காலடியில் எறிந்தார். முகத்தில் வெட்கம் இல்லை. அநியாயம் நடந்துவிட்ட மாதிரி, நெஞ்சு பொறுக்காத மாதிரி என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் அப்படி அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "என்ன தங்கச்சி இது, இங்க உட்காராத, அங்க பாக்காத, சிரிக்காத... இத்தன ரூல் போட்டா ஒரு மனுசன் எப்படி நிம்மதியா வெளிய போய் வாறது?"

ஒரே காலையில் பதினான்கு விதிகளைக் கேட்டதற்கே நிம்மதி போய்விட்டது என்கிற அந்த மனிதருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்; நாங்கள் எங்களுடைய பதினான்கைப் பன்னிரண்டு வயதிலிருந்து மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம்.