குழாய் இல்லாத இடத்தில் ஒரு குடம்

இப்போதெல்லாம் எங்கள் வார்டில் அடிக்கடி கூட்டம் போடுகிறார்கள். நாற்காலி, ஃபேன், மைக் எல்லாம் உண்டு. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. படிப்பும் அஞ்சாவதோடு நின்றுபோனது. ஆனாலும் கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். “வாயே தொறக்க மாட்டியே அத்தே, இன்னாத்துக்கு முன்னால போயி குந்திக்கிற?” என்று மருமகள் கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. எழுதி வைத்தால் படித்துக்கொள்வாள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டிகள் நிற்கிற தண்டவாளத்தில் போய் முட்டிக்கொள்ளும் தெரு எங்களுடையது. தெருமுனையில், பெரிய ரோட்டுப் பக்கம், தகரக் கூரை போட்ட மன்றம் ஒன்று இருந்தது. எங்கள் தெருச் சங்கம் அங்கேதான் கூடும். பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா சங்கத்துக்குத் தலைவர். அவர் வீடு மன்றத்தை ஒட்டி இருந்தது. எங்கள் வீடு தெருவின் கடைசியில்.

கடைசியில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ரயில்வே குழாய்தான். நடுவில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால், குடத்தை முதலில் தள்ளிவிட்டு, வேகனுக்கு அடியில் குனிந்து புகுந்து போக வேண்டும். அது எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா அப்போது நிறைமாதம். அவள் வேகனுக்கு அடியில் போய்த் திரும்பும் வரை நான் வண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அது அசையாமல் இருப்பது என் பார்வையில்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

சங்கம் நடையாய் நடந்து, தெருவுக்கு ஒரு குழாய் வாங்கியது. அதை எங்கே போடுவது என்று கூட்டம் நடந்தது. தெருமுனைக்காரர்களுக்குப் பெரிய ரோட்டிலேயே ஒரு குழாய் இருந்தது. ஆனாலும் சங்கம் வாங்கின குழாய் சங்கத்து வாசலில் இருப்பதுதான் அழகு என்று உள்ளே உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கே வந்தால் அவர்கள் வீட்டுக் குடங்கள் நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிடும், நமக்கு வேகன்தான் கதி என்று வெளியே சுவரோரம் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். பொம்பளைங்க எதுனா சொல்றீங்களா என்று பெரியப்பா மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். கேட்ட கையோடு கேரம் பலகையை எடுத்துவரச் சொன்னார்.

அம்மா வாய் திறக்க முடியாது. புருஷனுக்கு அண்ணன் முன்னால் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நீ போய்ச் சொல்லு என்று என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். நான் பக்கத்தில் நின்ற மீன்காரம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அம்மா என்னை எழுப்பி, குழாய் போட ஆள் வருகிறார்கள், போய்க் குடத்தைப் போட்டுவிட்டு வா என்றாள். எங்கள் பக்கத்தில் வரிசையில் ஆள் நிற்காது, குடம் நிற்கும். கழுத்தில் கட்டிய கயிற்றைப் பார்த்தே யார் வீட்டுக் குடம் என்று சொல்லிவிடுவார்கள். அதை நகர்த்த யாருக்கும் தைரியம் வராது. எங்கள் குடத்துக்குப் பச்சைக் கயிறு.

குடத்தோடு கிளம்பியவள் மன்றத்து வாசலில் பெரியப்பாவும் ஆண்களும் டீ குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவ்வளவு பேரைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தடியில் குடத்தை வைத்துவிட்டு, போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். சாய்ந்திருந்த குடத்தை நேராக வைத்துவிட்டு உள்ளே போனாள். எங்கே போட்டாய் என்று கேட்கவில்லை.

சற்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டு மீன்காரம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பி வெளியே வந்தாள். என் குடத்தைப் பார்த்தாள். மன்றத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிப் போய் இரண்டு குடம் கொண்டுவந்து பின்னால் வைத்தாள். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. வெளிச்சம் வந்தபோது வரிசை தெரு வளைவு வரை நீண்டிருந்தது. இங்கே குழாய் இல்லை, தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் இன்னொரு குடம் வந்துவிட்டது.

தெருமுனையில் ஒரு குடம்கூட இல்லை. குழாய் எங்கே ஓடிவிடும் என்று அந்த வீட்டுப் பெண்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கைவண்டியில் பைப் ஏற்றி வந்த மேஸ்திரி, இங்கே தோண்டு என்கிறீர்கள், குடமெல்லாம் அங்கே இருக்கிறதே என்று பெரியப்பாவிடம் கேட்டாராம். இருவரும் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்தார்கள்.

பெரியப்பா பச்சைக் கயிற்றைப் பார்த்தார். அம்மா தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவரும் அவளோடு நேரே பேசக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றவளுக்கு என் மூலம் சேதி சொன்னார்.

“குடத்த எடுத்துக்கச் சொல்லு உங்கம்மாவ. சங்கத்துல முடிவாயிப் போச்சு.”

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். “எடுத்துக்கறேன்னு சொல்லு. எடுத்துகினு வேகனுக்கடிலதான் பூந்து போவணும்னு சொல்லு.”

அவர் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும் என்று காத்திருந்தார். தெருவே என் வாயைப் பார்த்தது.

“வேகனுக்கடில,” என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

தண்டவாளத்தில் நின்றிருந்த கூட்ஸ் வண்டி அந்த நேரம் பார்த்து ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார். அம்மாவின் வயிற்றைப் பார்த்து, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னா தலைவரே,” என்றாள் மீன்காரம்மா. “அம்மாம் குடத்தையும் நீயே ஒவ்வொண்ணா மன்றத்துக்குத் தூக்கினு போறியா?”

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பைப் எட்டுமா என்று பெரியப்பா கேட்டார். கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். தோண்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில், சங்கம் நன்றாக யோசித்துக் கடைசி வீட்டுக்காரர்களுக்காக எடுத்த முடிவு இது என்று பெரியப்பா பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். சுவரோரம் நின்ற பெண்கள் பலமாகவே தட்டினார்கள். பிறந்த தம்பியை முதன்முதல் குளிப்பாட்டியது அந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

மொத்தத் தெருவையும் நான் ஏமாற்றிவிட்டதாக நெடுநாள் பயந்துகொண்டிருந்தேன். மீன்காரம்மா கூட்டத்தன்று என் பக்கத்தில்தான் நின்றாள். குழாய் எங்கே வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். பின்னால் குடம் வைத்த அத்தனை பேருக்கும் தெரியும். சாய்ந்த குடத்தை நேராக வைத்துவிட்டுப் போன அம்மாவுக்கும் தெரியும். முன்னால் ஒரு குடம் வரட்டும் என்றுதான் அவர்கள் காத்திருந்தார்கள். அது எனக்குத்தான் தெரியவில்லை.