கன்னிமாரிடம் கேட்ட கேள்வி

காலை 6.40. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ராசிபுரம் வண்டி ஏறும்போது என் பையில் மகளுக்கு மாற்றுத் துணிகள், காய்ச்சல் மருந்து, கொசுத் தைலம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எல்லாம் இருந்தன. தொப்பியை மட்டும் அம்மாபேட்டை வீட்டிலேயே மறந்திருந்தேன். திரும்பிப் போய் எடுக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மகிழினிக்கு நாலரை வயது. வெயில் ஆகாது.

எங்கள் பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சரவணனும் அவர் நண்பர்களும் சேர்ந்து நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் மலையடியில் ஒரு குட்டையையும் அதைச் சுற்றிய காட்டையும் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். எதையும் கட்டுவதற்கு அல்ல, பறவைகளுக்கும் மரங்களுக்கும் விட்டுவைப்பதற்கு. நிலத்தை வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களை நான் கண்டதில்லை. அதைப் பார்க்கத்தான் போனேன்.

8.30. நாமகிரிப்பேட்டையில் இறங்கியதும் வேகவைத்த மஞ்சளின் வாசனை. களங்களில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"காட்டுக்காரங்ககிட்டங்களா?" என்று சிரித்தார் ஓட்டுநர். "பிளாட் போடுவாங்கன்னு நாங்களும் ஒரு வருசமாப் பாக்கறோமுங்க. ஒரு கல்லுகூட நடக் காணோம். சாமி, கைய வெளிய நீட்டாத!"

கடைசி வார்த்தை மகிழினிக்கு. அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

9.15. குட்டை நான் நினைத்ததைவிடச் சிறியது. கரையெல்லாம் கோரை. சரவணன் வாயில் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் உள்ளங்கை அளவுப் பறவை ஒன்று மிதந்து, சட்டென்று மூழ்கியது. வெகுநேரம் மேலே வரவில்லை. பதறிச் சரவணனைப் பார்த்தேன்.

"முக்குளிப்பான்ங்க. அதோ, அந்தப் பக்கம் எந்திரிச்சிருச்சு பாருங்க."

இவர்கள் இங்கே கன்று எதுவும் நடவில்லை. சீமைக்கருவேலத்தைக்கூட ஒரே மூச்சில் வெட்டவில்லை. அதில் கொக்கு கூடு கட்டுகிறதாம். அதனால் நாட்டு மரங்கள் வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். வெப்பாலையும் உசிலும் தாமாகவே முளைத்து இடுப்பளவு நின்றன. "பாம்பு இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கணுங்க" என்றார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அவருடைய கவலை பாம்பு அல்ல. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஓர் ஓடை வழியாகத்தான் இந்தக் குட்டைக்கு வருகிறது. ஓடை கிடக்கும் இரண்டு ஏக்கர் பக்கத்து நிலத்துக்காரர் செல்லம்மாவுடையது. அதைக் கோழிப்பண்ணைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கொட்டகை போட நிலத்தை மட்டம் தட்டினால் ஓடை போய்விடும். ஓடை போனால் குட்டை வெறும் பள்ளம். சரவணனும் அதை விலைக்குக் கேட்டிருந்தார். செல்லம்மா அன்றுதான் அவருக்கு முடிவு சொல்வதாக இருந்தது.

10.30. செல்லம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஓடையோரம் ஒரு புங்க மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கன்னிமார். நிலத்தைக் கொடுக்கலாமா என்று பூக்கேட்கப் போகிறார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். விவரம் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரவணனுக்கு நிலம். சிவப்பு வந்தால் இல்லை.

"பக்கத்து ஊட்டுப் புள்ளையக் கூப்புட்டிருந்தேன். அதுக்குக் காச்சலாம். உங்க கண்ணு எடுக்கட்டுமுங்களா?"

 சிவப்பை எடுத்துவிட்டால்? இத்தனை பேருடைய உழைப்பு என் மகள் கையாலா போக வேண்டும்? மறுத்தால் சாமி காரியத்தைத் தடுத்தவளாவேன். ஒரு வழி தோன்றியது.

"காலையில முட்டை சாப்பிட்டாளுங்க" என்றேன்.

"நாமக்கல் சீமையில முட்டை திங்காத கொழந்தைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்று செல்லம்மா சிரித்துவிட்டார். "கன்னிமாருக்கு அதெல்லாம் பழகிப்போச்சுங்க. நீ வா சாமி."

சரவணனைப் பார்த்தேன். அவர் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகிழினியை இறக்கிவிட்டேன். அவள் தயங்கவே இல்லை. ஒன்றை எடுத்துப் பிரித்து, "ரோஸ் கலர்!" என்று கத்தினாள்.

செவ்வரளி.

 செல்லம்மா பூவைக் கண்ணில் ஒற்றித் தலையில் செருகிக்கொண்டார். "குடுக்க வேண்டான்னு சொல்லிருச்சுங்க."

சரவணன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப பண்ணைக்காரங்களுக்குங்களா அக்கா?"

"அதெப்படிங்க? அவங்களுக்குக் குடுக்கலாமான்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"எப்பக் கேப்பீங்க?"

"அடுத்த வருச மாசியிலதான். வருசத்துக்கு ஒரு கேள்விதானுங்க. சும்மாச் சும்மாத் தொந்தரவு பண்ணுனா சாமி கோவிச்சுக்கும். எம் பையன் கெணத்துக்குப் போர் போடற வண்டியோட ஒடிசாவுல கெடக்கறான். தெனமும் போன் போட்டு, பண்ணைக்காரனுக்குக் குடு குடுங்கறான். இனி அவனும் ஒரு வருசம் வாய மூடிக்கிட்டு இருக்கோணும்."

நிலம் கிடைக்கவில்லை. ஆனால் வரும் மழைக்கு ஓடை இருக்கும். சரவணன் தலையைச் சொறிந்தார். அவருக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. இரண்டு கேள்விகளில் எதை முதலில் கேட்பது என்று செல்லம்மா எப்படி முடிவு செய்தார்? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மகிழினி இருமினாள். செல்லம்மா அவள் கையில் தேங்காய்ச் சில்லை வைத்து, "இருமுதுங்களே, வெய்யில்ல நிக்காதீங்க" என்றார். கேட்காமலேயே விட்டேன்.

பகல் 12.20. திரும்பும் பேருந்து. மகிழினி என் மடியில் சாய்ந்து, "நான் தப்பா எடுத்துட்டனாம்மா?" என்றாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்திருக்கிறாள்.

"தப்பே இல்ல. அந்தக் குட்டி வாத்துக்கு இந்த வருசமும் தண்ணி வரும்" என்றேன். அது வாத்து இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மூன்று மணிக்கு அம்மாபேட்டையில் இறங்கினோம். எங்கள் தெரு முனையில் வண்டிகள் நிறுத்தும் இடம் நான் மணமாகி வந்தபோது அல்லிக் குட்டையாக இருந்தது. ஒரே வாரத்தில் மண் கொட்டி மூடினார்கள். பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. உள்ளே போய்க் கேட்க வேண்டும் என்று நான் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு வருடமாவது கிடைத்திருக்கும்.