களவாவுக்குத் தெளிந்த தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசியில், கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துக் காட்டும் சிறிய கூடம் ஒன்றில் எனக்கு வேலை. ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் உள்ள மண்டபம் என்ற ஊர். பெரிய தொட்டி என் பொறுப்பு. அதில் ஒரு களவா மீன் இருந்தான். தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாத தடியன். நான் போனால் மட்டும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறப்பான். எனக்கு அவன்மேல் உயிர்.

அவனுக்கு எமனாக வந்தது பொரி. ராமேசுவரம் போகிறவர்கள் வழியில் எங்கள் கூடத்துக்கும் வருவார்கள். கோயில் குளத்து மீனுக்குப் போட்ட பழக்கத்தில் இங்கேயும் பொரியை அள்ளி வீசுவார்கள். களவா அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். பொரி ஊறி அடியில் இறங்கி, அவன் கழிவோடு சேர்ந்து அழுகும். நான் கத்தினால், "மீனுக்குப் போட்டா புண்ணியம்தானப்பா" என்று எனக்கே புத்தி சொல்வார்கள். தண்ணீர் கஞ்சியாக வெளுத்தது. களவா மேலே வந்து மூச்சுக்குத் தவித்தான்.

"திங்கக்கிழமைக்குள்ள தண்ணி தெளியலைன்னா தொட்டியைக் காலி பண்ணிடுவோம். மீனைப் பாட்டில்ல போட்டு வச்சிக்கலாம்" என்றார் கூடத்து அதிகாரி. பாட்டில் என்றால் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் செத்த மீன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடியில் துளையிட்ட பெரிய மண்பானையைத் தொட்டிக்கு மேலே பலகையில் ஏற்றினேன். பானைக்குள் சரளை, அதன்மேல் பருமணல், எல்லாவற்றுக்கும் மேலே என் பழைய வேட்டித் துணி. ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, தொட்டியின் அடித்தண்ணீரை வாளியில் இறக்கிப் பானையில் ஊற்றினேன். அந்தத் தண்ணீரின் ருசியைச் சொன்னால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். முதலில் தெளிவாகத்தான் சொட்டியது. மறுநாள் அதே கலங்கல், அதே நாற்றம்.

வெறுத்துப்போய் டீக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய், பழைய தூள் கிடந்த துணி வடிகட்டியிலேயே மறுபடியும் வெந்நீரை ஊற்றினார்.

"என்ன பாய், பழைய தூள்லயே ஊத்துறீக?" என்று எரிந்து விழுந்தேன்.

"தூளு உள்ள கெடக்குறவரைக்கும் சாயம் எறங்கத்தான செய்யும். குடிச்சுப் பாருங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். என் பானையிலும் அதே கூத்துதான்! அழுக்கைத் துணியில் பிடித்து வைத்துக்கொண்டு, அதன்மேலேயே தண்ணீரை ஊற்றி, அழுகல் சாற்றைத் திரும்பத் திரும்பக் களவாவுக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன். துணியைத் தூக்கினால் உள்ளே கூழ். அதை எறிந்துவிட்டு வேறு துணி போட்டேன். அதன்பிறகு துணி வழவழத்ததும் மாற்றினேன். மணலைக் கடல்நீரில் அலசினேன். அடியில் ஒதுங்கிய கழிவைக் குழாயால் உறிஞ்சி வெளியே கொட்டி, எடுத்த அளவுக்குப் புதுக் கடல்நீர் ஊற்றினேன். பொரி விழுந்தால் ஊறுமுன்னே வலையால் அள்ளினேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது, விடவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி தொட்டிமுன் நின்றார். பக்கத்தில் கைநிறையப் பொரியோடு ஓர் அம்மாள். வீச ஓங்கிய கையை அந்த அம்மாள் அப்படியே இறக்கினார்.

"ஏப்பா, இங்கன தண்ணியே இல்லையே! மீனு எப்படி நிக்கிது?"

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார். எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது. அந்த அம்மாளிடம் பொரியைக் கேட்டு வாங்கி, அதிகாரி பார்க்கப் பார்க்க நானே தின்றேன். களவா கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்தான்.