றோசலின் பிளேன் ஓட்டப் போனாள்

"வேலையை விட்டிட்டு பிளேன் ஓட்டப் படிக்கப் போறன்" என்று றோசலின் சொன்னபோது மாக்கஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். மனைவி பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தான். நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தார்கள். மாக்கஸுக்குக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. றோசலினுக்கு மிசிசாகாவில் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் மேசை வேலை. குளிர் படாத, நிரந்தரமான வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருத்தி சிறு விமானம் ஓட்டுபவள். ஒரு ஞாயிறு றோசலினையும் ஏற்றிக்கொண்டு போய், வானத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் விமானத்தை இவள் கையில் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து கந்தோர்க் கதிரை இவளுக்கு முள்ளாகிவிட்டது.

மாக்கஸின் அக்கா வேரோனிக்கா கேள்விப்பட்டவுடன் வந்துவிட்டாள்.

"பிளேன் சத்தம் கேட்டு பங்கருக்குள்ள ஓடின சனம் நாங்கள். இவள் அதை ஓட்டப் போறாளாம். தம்பி, உனக்கு வாயில்லையோ?"

வாய் இருந்தது. முப்பத்துநாலு வயதில் தொடங்கினால் யார் வேலை தருவார்கள், உள்ள விமானிகளையே கம்பெனிகள் வேலையை விட்டு நிற்பாட்டுகின்றனவே, பிள்ளை சின்னன் என்றெல்லாம் சொன்னான். எல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே கிடந்ததை மட்டும் சொல்லவில்லை. மன்னாரில் குண்டு விழுந்த அன்று சைக்கிளோடு பனை வடலிக்குள் விழுந்து கிடந்தவன் அவன். ஸ்காபரோவில்கூட ஒரு சிறு விமானம் தாழப் பறந்தால் கழுத்து தானாக உள்ளே இழுபடும்.

றோசலின் சனி, ஞாயிறுகளில் படித்தாள். பிறகு வேலையையும் விட்டாள்.

அடுத்த வருடம் ஒக்டோபரில் ஒரு நாள், பயிற்சிக்காக றோசலின் ஆசிரியர் இல்லாமல் தூரப் பயணம் ஒன்று தனியாகப் போய்வர வேண்டியிருந்தது. மாக்கஸ் மகள் நிரோஷினியுடன் பறப்புப் பள்ளியில் காத்திருந்தான். மத்தியானத்துக்குப் பிறகு மேகம் இறங்கியது. வரவேண்டிய நேரம் கடந்தது. போன மற்ற விமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆசிரியர் தொலைபேசியும் கையுமாக ஒவ்வொரு இடமாக விசாரித்தார்; "யோசிக்காதையுங்கோ" என்பதுபோல இங்கிலீஷில் எதையோ சொன்னார். மாக்கஸுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நிரோஷினி தரையில் குந்தியிருந்து படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று நினைத்தவன் எழும்பி யன்னலடிக்குப் போனான்.

தொலைபேசி அடித்தது. ஆசிரியர் கேட்டுவிட்டு அவனிடம் நீட்டினார்.

"நான்தான். பீற்றர்பரோ எயார்போட்டில இறங்கிட்டன். ஒண்டுமில்லை. காலநிலை சரியில்லை."

மாக்கஸ் காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது மகள் பின்னால் தூங்கிவிட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"எனக்கு உந்தச் சத்தம் கேட்டாலே உயிர் போகுது, றோசி. நீர் வானத்தில நிக்கேக்க நான் கீழ ஒவ்வொருக்காலும் சாகிறன். உமக்குப் பயமே இல்லையோ?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இல்லை? இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம் எண்டு மனம் சொன்னது. பயந்தபடியாத்தான் இறங்கினனான். பயம் இல்லாட்டி இப்ப என்னைத் தேடிக்கொண்டிருப்பியள்."

அதற்குமேல் அவன் தடுக்கவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

உரிமம் கிடைத்த பிறகும் பெரிய கம்பெனிகள் கூப்பிடவில்லை. கடைசியில் வட ஒன்ராறியோவில் ஒரு சிறிய கம்பெனி எடுத்தது. போய்ச்சேரத் தெருவே இல்லாத ஊர்களுக்கு மாவும் பாலும் கடிதமும் நோயாளிகளும் ஏற்றும் வேலை. பெட்டிகளையும் தானே தூக்க வேண்டும். இரண்டு கிழமை அங்கே, இரண்டு கிழமை வீட்டில். சம்பளம் கந்தோரில் எடுத்ததிலும் குறைவு. மாக்கஸ் மகளுக்குத் தலை பின்னப் பழகினான். காலையில் எழும்பியதும் ரேடியோவில் அந்தப் பக்கத்துக் காலநிலையைத் தேடுவான்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் நிரோஷினி தேவாலயத்தில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் நாள் வந்தது. அதற்கு முதல்நாளே வந்துவிடுவேன் என்று றோசலின் சொல்லியிருந்தாள். வடக்கில் மூடுபனி, ஒரு விமானமும் எழும்பவில்லை. வெள்ளைச் சட்டையோடு பிள்ளை கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வேரோனிக்கா தாயின் இடத்தில் நின்று பிள்ளையின் முடியைச் சரிசெய்தாள். அதுதான் மாக்கஸை இன்னும் சுட்டது.

பின்னேரம் றோசலின் வடக்கிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். நிரோஷினி தொலைபேசிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"றோசி, ஒண்டு கேக்கிறன். கோபிக்காதையும். எல்லாத்தையும் விட்டிட்டுப் போனது சரியெண்டு நினைக்கிறீரோ?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"இண்டைக்கு இல்லை" என்றாள். "இண்டைக்குக் கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லுவன். ஆனா மூடுபனி விட்டதும் ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்தவேணும். அவவுக்கு வேற வழியில்லை. அவவை ஆஸ்பத்திரியில விட்டிட்டு வாறன்."

அந்தப் பிள்ளைத்தாச்சியைப் பற்றி மாக்கஸ் மகளுக்குச் சொன்னான். இரண்டு நாள் கழித்து றோசலின் வந்தாள். நிரோஷினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். றோசலின் சப்பாத்துகூடக் கழற்றாமல் கதவடியில் இருந்தாள். நெடுநேரம் கழித்து உள்ளே இருந்து குரல் வந்தது.

"அம்மா, did she have the baby?"

"ஓம் குஞ்சு. பெம்பிளைப் பிள்ளை."

கதவு கொஞ்சம் திறந்தது. மாக்கஸ் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான். அவள் வீட்டில் நின்ற அடுத்த இரண்டு கிழமைக்கு அவன் ரேடியோவைத் தொடவில்லை.