ஆற்றில் துபா போட்டது யார்

எண்ணெய் மில்லின் வாடை முதலில் மூக்கில் இனிக்கும், பிறகு தொண்டையில் போய்ப் புளிக்கும். வெந்த செம்பனைப் பழமும் அழுகிய சேறும் கலந்த அந்த வாடை, கொடியில் காயும் பள்ளிச் சீருடையில் ஏறிக்கொண்டு, லாயாங் லாயாங் தமிழ்ப்பள்ளி வரைக்கும் எங்களோடு பஸ்ஸில் வரும். டவுன் பிள்ளைகள் எங்களை "மில்லு நாத்தம்" என்றார்கள். எங்களுக்கோ, வாடை அடித்தால்தான் மில் ஓடுகிறது, அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று பொருள். இரண்டு நாள் அது நின்றுவிட்டால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயத்துப் பெண்களின் முகம் வாடிவிடும்.

அப்பாவுக்கு "கோலம்" பார்க்கும் வேலை. மலாயில் கோலம் என்றால் குளம். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பழுப்புக் கழிவுநீரை வரிசையான குளங்களில் தேக்கி, வாரக்கணக்கில் ஆறவிட்டு, தெளிந்த பிறகே ஆற்றில் விடவேண்டும். அதன் மதகு அப்பாவின் பொறுப்பு. "உங்கம்மா கோலத்துக்கு அரிசி மாவு, என் கோலத்துக்கு மூக்குல துணி" என்று அவரே கேலி பேசுவார். ஆனால் பெருமழை நாட்களில் குளம் நிரம்பும், மில் ஆபீசிலிருந்து ஆள் வரும், அப்பா மதகைத் திறப்பார், ஆறு கறுக்கும். "உப்பிட்டவங்கள உள்ளளவும் நெனைக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டால், அதற்கு மேல் வீட்டில் அந்தப் பேச்சு எழாது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் கம்பம், அதாவது கிராமம், இருந்தது. அவர்களைக் குறிக்க லயத்தில் வழங்கிய சொல்லை எழுத இப்போது எனக்குக் கை கூசுகிறது. அங்கிருந்து பெத்தாய்க் காய் விற்க வருபவர் பாக் லோங். அவர் மகளும் நானும் ஒரே வயது. ஒரு விடுமுறையில் அவர் எங்கள் இருவரையும் கணுக்கால் அளவு ஓடும் ஒரு சிற்றோடைக்கு அழைத்துப்போய், "துபா" என்ற வேரை நசுக்கித் தண்ணீரில் கரைத்தார். கொஞ்ச நேரத்தில் நாலைந்து கெளுத்திகள் மயங்கி மிதந்தன. பெரிய ஆற்றில் துபா போடுவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது என்றார். எனக்கும் இரண்டு மீன் கொடுத்தனுப்பினார்.

எனக்குப் பத்து வயது நடந்த ஆண்டு, விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், ஆறு முழுக்க மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. "மீன் மயங்குது" என்று கூவிக்கொண்டே நாங்கள் ஓடினோம், பாவாடையில் அள்ளினோம், லயத்தில் எல்லா வீட்டிலும் அன்று மீன் குழம்பு. அதைத் திருவிழாவாகக் கொண்டாடினோம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

நான்காம் நாள், மீன் செத்ததை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். எங்கள் வீட்டு முன்னால் நின்று, மதகைத் திறந்தாயா என்று அப்பாவைக் கேட்டார். அவருக்குப் பின்னால் மில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். வாய் ஓயாத என் அப்பா தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் வேலையும் போகும், குடியிருந்த வீடும் போகும்; அது எனக்கே தெரியும். நான் பள்ளியில் படித்த மலாயில் சொன்னேன்: "துபா, சார். கீழ இருக்கறவங்க போட்டாங்க. நான் பாத்தேன்."

பார்த்தது உண்மைதான். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை விழுங்கிவிட்டேன். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். மறுநாள் சூப்பர்வைசர் வீட்டிலிருந்து ஒரு டின் பிஸ்கட் வந்தது, அதையும் தின்றோம்.

அடுத்த வாரம் பாக் லோங் வெறுங்கையோடு வந்தார். சொன்னது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் பேசாமல் நேராக என்னிடம் கேட்டார்: "அடேக், நீதான் எங்கூட வந்து பாத்தியே. சின்ன ஓடைலதான் போட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுவியா? படிக்கிற புள்ள, ஒன் பேச்ச நம்புவாங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல, பாக் லோங்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், போய்விட்டார். அதன் பிறகு பெத்தாய் விற்க எங்கள் பக்கம் அவர் வரவே இல்லை. அன்றைக்கு அப்பா என்னை நாலு அடி அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

போன மாதம் ஜோகூர் பாருவிலிருந்து காரில் அந்தப் பக்கம் போனேன். லயம் இல்லை, செம்பனை மட்டும் நிற்கிறது. ஆறு பால் விடாத காப்பி நிறத்தில் ஓடுகிறது. தூண்டிலோடு ஒருவரைக்கூடக் காணவில்லை. சாலையோரம் ஓர் இளம்பெண் பெத்தாய் விற்றுக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்ததில் பாக் லோங்கின் பேத்தி என்று தெரிந்தது. ஆற்றில் மீன் உண்டா என்று கேட்டேன்.

"அப்பல்லாம் நெறைய இருந்துச்சாம், கக்காக்" என்றாள் மலாயில். "எங்க தாத்தா பெரிய ஆத்துல துபா போட்டுட்டாராம், அதோட எல்லாம் போச்சு. அப்படித்தான் எங்க கம்பத்துல சொல்லுவாங்க. அவரு கடைசி வரைக்கும் ஆத்துப் பக்கமே போகல."

இன்று எனக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் ஒரு கட்டு பெத்தாய் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியாத தமிழில்.